வயிற்றில் பிள்ளை இருக்கும்போது காய்ச்சலா? காத்திருக்க வேண்டாம்

"தடிமனும் காய்ச்சலும்தானே, கொத்தமல்லி அவித்துக் குடித்தால் மாறிவிடும்" என்று சொல்லும் கர்ப்பிணித் தாய்மாரை நான் அடிக்கடி காண்கிறேன். கிராமங்களில் தாய்மாரோடு வேலை செய்பவள் என்பதால், அதன் காரணமும் எனக்குத் தெரியும். ஒருநாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாது. மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இருந்த தாயையோ சகோதரியையோ போர் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் இந்த ஒரு விடயத்தில் பொறுமை ஆபத்தானது.

போர் முடிந்து எம்மவர்கள் முகாம்களில் இருந்த 2009ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி, பன்றிக் காய்ச்சல் எனப்பட்ட எச்1என்1 இன்புளுவன்சாவை உலகளாவிய பெருந்தொற்றாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அமெரிக்க மக்களில் கர்ப்பிணிகள் ஏறத்தாழ 100க்கு 1 பேர்தான். ஆனால் அங்கு அந்நோயால் இறந்ததாகப் பதிவானவர்களில் 100க்கு 5 பேர் கர்ப்பிணிகள். 1918ஆம் ஆண்டின் பெருந்தொற்றிலும் கர்ப்பிணிகள் பெருமளவில் இறந்தார்கள்.

ஏன் இப்படி? வயிறு வளர வளர நுரையீரல் விரிவதற்கான இடம் குறைகிறது. இருவருக்காக இருதயம் கூடுதலாக உழைக்கிறது. பிள்ளையை ஏற்றுக்கொள்வதற்காக உடலின் எதிர்ப்புச் சக்தியும் மாறுகிறது. அதனால் தடிமனாகத் தொடங்குவது விரைவில் நிமோனியாவாக மாறலாம்.

கிருமி பெரும்பாலும் நேரே பிள்ளையிடம் போவதில்லை. தாயின் கடும் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமே பிள்ளையைத் தாக்குகின்றன. பிரித்தானியாவில் 2009-2010இல் இந்நோயுடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட கர்ப்பிணிகளின் பிள்ளைகளில், வயிற்றிலோ பிறந்த முதல் வாரத்திலோ இறந்தவர்கள் 1000க்கு 39 பேர். நோயில்லாத தாய்மாரிடம் இது 1000க்கு 7 மட்டுமே. குறைமாதப் பிரசவமும் கூடியது.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அமெரிக்காவில் நோய் தொடங்கி இரண்டு நாட்களுக்குள் ஒசெல்டமிவிர் போன்ற மருந்தைப் பெற்ற கர்ப்பிணிகளில் 100க்கு 9 பேரளவிலேயே அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். நான்கு நாட்களுக்கு மேல் தாமதித்தவர்களில் அது 57 பேர். ஆகவே முதல் இரண்டு நாட்களே உயிர்காக்கும் நாட்கள்.

அந்தப் பெருந்தொற்று 2010 ஓகஸ்டில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டாலும், அந்தக் கிருமி இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது. எனவே தாய்மாரே, இவற்றை மனதில் வையுங்கள்:

• காய்ச்சல் வந்த அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அது டெங்குவாகவும் இருக்கலாம். கர்ப்பிணி என்பதை முதலில் சொல்லுங்கள்.

• காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும். அஸ்பிரினோ வேறு வலி மாத்திரைகளோ நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

• மூச்சு முட்டல், நெஞ்சு வலி, மயக்கம், பிள்ளைத் துடிப்புக் குறைதல் இருந்தால் உடனே 1990 இலக்கத்தை அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

• இன்புளுவன்சாத் தடுப்பூசியை எந்த மாதத்திலும் போடலாம். 2012இல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் கொடுத்தது. பிறக்கும் பிள்ளைக்கும் அது சில மாதங்கள் காவல். கிடைக்குமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

• பிரசவத்தின் பின் காய்ச்சல் வந்தாலும் கைகழுவி, முகக்கவசம் அணிந்து தாய்ப்பால் கொடுங்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணி காய்ச்சலோடு படுத்திருந்தால், அவளுடைய பிள்ளைகளை ஒரு பகல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் வைத்தியசாலைக்குப் போய்வரட்டும். இழந்தது போதும், காப்பாற்றக்கூடிய உயிர்களையாவது காப்போம்.