மலை சரியுமுன் மணி ஒலிக்கட்டும்!

நண்பர்களே, நீலகிரியில் உள்ள அவலாஞ்சியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1823-இல் அங்கு நேர்ந்த பெரும் நிலச்சரிவே அப்பெயருக்குக் காரணம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளிலும் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மண் ஏன் சரிகிறது? மண்துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடங்களை மழைநீர் நிரப்புகிறது. மண்ணின் எடை கூடுகிறது. நீரின் அழுத்தத்தால் துகள்களின் பிடிப்புக் குறைகிறது. ஈர மணலைக் குவித்து, அதன்மேல் நீர் ஊற்றிப் பாருங்கள், புரியும்.

மலை பல வேளைகளில் முன்னறிவிப்புத் தருகிறது. தரையில் புது வெடிப்பு, சாயும் மரம் அல்லது மின்கம்பம், திடீரென இறுகும் கதவு, கலங்கி வரும் ஊற்று: இவற்றில் எதைக் கண்டாலும் உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். மாவட்ட அவசர எண் 1077.

இனி உங்கள் பள்ளியின் வரைபடத்தை வரையுங்கள். செங்குத்துச் சரிவு, தடுப்புச்சுவர், ஓடை ஆகியவற்றைக் குறியுங்கள். இவற்றிலிருந்து விலகிய ஓர் இடத்தைக் கூடுமிடமாக ஆசிரியருடன் சேர்ந்து முடிவு செய்யுங்கள். மணி விடாமல் ஒலித்தால் அனைவரும் அங்கே கூடவேண்டும். வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட வேண்டும்.

ஒருமுறை ஒத்திகை பாருங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று? யார் விடுபட்டார்? மழைக்கு முன்பே இவற்றுக்கு விடை காண்போமா?