உறங்கும் விதையை எழுப்புதல்

கொடைரோட்டிற்கு அருகே நான் ஆசிரியப் பணியாற்றிய நாளில், மாணவன் ஒருவன் தன் தந்தையின் சோளக் கொல்லைக்கு என்னை அழைத்துச் சென்றான். நல்ல மழை பெய்திருந்தும் பயிர் அனல் பட்டதுபோல் சுருண்டு நின்றது. அதன் அடியில் வெண்ணிறப் பூக்களுடன் சிறு செடிகள் மண்டியிருந்தன. “ஆண்டுதோறும் பிடுங்குகிறோம், ஐயா, ஆண்டுதோறும் முளைக்கிறதே, ஏன்?” என்று கேட்டான். அன்று எனக்கு விடை தெரியவில்லை. அடுத்த ஆண்டே அக்குடும்பம் பிழைப்புத் தேடி ஊர் பெயர்ந்தது. மாணவ நண்பர்களே, அவனுக்குக் கூறாத விடையை உங்களுக்குக் கூறுகிறேன்.

அச்செடி சுடுமல்லி. சோளத்தின் வேரைப் பற்றி நீரையும் உணவையும் உறிஞ்சும் ஒட்டுண்ணி அது. நம் கண்ணில் படுமுன்பே மண்ணுக்குள் கேடு விளைந்துவிடும். ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். துகள் போன்ற அவ்விதைகள் 10 ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உறங்கக்கூடும்.

களைக்கொல்லி தெளித்தால் ஆகாதா? 2,4-டி என்னும் மருந்து, ஆக்சின் என்ற தாவர வளர்ச்சி ஊக்கியை ஒத்தது. அகன்ற இலைக் களைகளை முறைதவறி வளரச் செய்தே அழிப்பது. சோளம் போன்ற புல்லினத்தைப் பெரும்பாலும் வருத்தாது. ஆயினும் முளைத்த களையையன்றி, உறங்கும் விதையை அது தீண்டாது.

ஆகவே விதையை எழுப்ப வேண்டும். சிறுமலை வாழைத்தாரைப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பதைக் கண்டிருப்பீர்கள். புகையிலுள்ள எதிலீன் வாயுவே காயைக் கனிவிக்கிறது. தாவரங்களும் தாமே சுரக்கும் ஊக்கி அது. அதனை மண்ணில் செலுத்தினால் சுடுமல்லி விதை முளைக்கும். பற்றுவதற்கு வேரின்றிச் சில நாளில் மடியும். 1956இல் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் இக்களை கண்டறியப்பட்டது. பின்னர் அங்கே மண்ணில் எதிலீனைச் செலுத்தியும், முளைத்தவற்றை மருந்தால் அழித்தும், பெரும்பரப்பை மீட்டனர்.

எளிய உழவர் வாயுவுக்கு எங்கே போவார்? பருத்தி விதைக்கலாம். அதன் வேர்க்கசிவிலிருந்து 1966இல் பிரித்தெடுக்கப்பட்ட ஸ்டிரிகால் என்னும் பொருள் சுடுமல்லி விதையை எழுப்புவது. பருத்தி வேரிலோ அது பற்றி வாழ இயலாது. இவ்வினப் பொருள்களும் தாவர ஊக்கிகளே என்பது 2008இல் தெளிவாயிற்று. ஆனால் 2,4-டியின் சாரல் பட்டாலும் பருத்தி கெடும். அண்டைக் கொல்லையில் தெளிப்போர் காற்றறிந்து தெளிக்க வேண்டும்.

அம்மாணவன் வீட்டார் பிடுங்கியது பிழையன்று. விதை உதிர்ந்தபின் பிடுங்கியதே பிழை. பூக்குமுன் களையை அழித்து, உறங்குவதை எழுப்பி மடிவித்தால், ஆண்டுக்கு ஆண்டு மண் தூய்மையாகும்.