கேலி திருட்டாகாது

ஒரு நிறுவனத்தின் விளம்பரச் சின்னத்தைக் கிண்டலடித்து யாராவது கணினி விளையாட்டோ செயலியோ வெளியிட்டால், ‘பதிப்புரிமை மீறல்’ என்ற குரல் உடனே எழுகிறது. அச்சு அசலாக இருக்கிறதே என்பதுதான் புகார். ஆனால், அசலை நினைவூட்டாவிட்டால் கேலி எப்படி எடுபடும்? ஆகவே சாயலைவிட நோக்கத்தைத்தான் எடைபோட வேண்டும்: விமர்சிக்க எடுத்தாண்டார்களா, அந்தச் சின்னத்தின் புகழில் தங்கள் சரக்கை விற்க எடுத்தாண்டார்களா?

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு வழக்கு உண்டு. ஒடிசாவில் டாடா குழுமமும் சேர்ந்து கட்டிய தாம்ரா துறைமுகத்தால் ஆலிவ் ரிட்லி ஆமைகளுக்கு ஆபத்து என்று வாதிட்ட சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ், 2010-இல் பேக்மேன் பாணியில் ஓர் இணைய விளையாட்டை வெளியிட்டது. புள்ளிகளைத் தின்றபடி ஆமை ஓடும். டாடா சின்னம் தாங்கிய பேய்கள் துரத்தும். டாடா சன்ஸ் 10 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டது. 2011 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. வணிக முத்திரை, அவதூறு தொடர்பான வழக்குதான் அது. என்றாலும் பொதுப் பிரச்சினையைப் பேசும் கேலிக்கு இடம் உண்டு என்பதை உறுதிசெய்தது.

‘பல கோடி செலவழித்து வளர்த்த சின்னத்தை வைத்து அடுத்தவர் காசு பார்ப்பதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1993-இல் டெல்ரினா நிறுவனம் விற்ற திரைக்காப்பு மென்பொருளில், ‘ஆஃப்டர் டார்க்’ மென்பொருளின் அடையாளமான இறக்கை முளைத்த டோஸ்டர்களை ஒரு பென்குவின் சுட்டு வீழ்த்தியது. அமெரிக்க நீதிமன்றம் தடை விதித்தது. டெல்ரினா இறக்கைகளை எடுத்துவிட்டு விமானத்தில் இருப்பதுபோன்ற சுழல்விசிறிகளைப் பொருத்தியது. விற்றது போட்டிச் சரக்கு என்பதால் அந்தத் தடையில் நியாயம் இருக்கிறது. ஆனால் காசு வாங்கியதாலேயே கேலி குற்றமாகிவிடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1994-இல் தெளிவுபடுத்தியது. விமர்சனம் சுட்டு அசலின் விற்பனை சரிந்தாலும் அது பதிப்புரிமைச் சட்டம் தடுக்க வேண்டிய இழப்பல்ல என்றும் சொன்னது. அசலுக்கு மாற்றாகச் சந்தையில் போய் நிற்பதுதான் தவறு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்காக நியாயமாக எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. கேலியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பிரிட்டன் 2014-இல் அதைச் சட்டத்தில் சேர்த்துவிட்டது. வழக்குச் செலவுக்கு அஞ்சியே சிறு மென்பொருள் படைப்பாளி வாய்மூடிப் போகாதிருக்க, நம் நாடாளுமன்றமும் அந்த ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும்.