கேஸ் கீசர் இருக்கிற பாத்ரூமில் ஒரு ஜன்னல் போதுமா? குளிக்கப் போகும் முன் இதைக் கவனிங்க!

குன்னூரில் இருக்கிறது என் பெரியம்மா வீடு. போன டிசம்பரில் ஒரு விசேஷத்துக்காகக் குடும்பமாகப் போயிருந்தோம். விடியற்காலைக் குளிரில், வரிசையாக ஒவ்வொருவராகக் குளித்துக்கொண்டிருந்தோம். நான்காவதாகப் போன அக்கா, அரை மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினால் பதில் இல்லை. தாழ்ப்பாள் சரியாக விழாத பழைய கதவு என்பதால் தள்ளியதும் திறந்துகொண்டது. அக்கா சுவரோரம் சரிந்து கிடந்தாள்.

வெளியே தூக்கி வந்து வாசலில் படுக்கவைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திறந்தாள். தலை வெடிக்கிற மாதிரி வலி, வாந்தி. ‘வெறும் வயிறு, பித்தம்’ என்றார்கள் ஒரு பக்கம். ‘லோ பிரஷரா இருக்கும்’ என்றார்கள் இன்னொரு பக்கம். எலுமிச்சை ஜூஸ் வந்தது. கீசரை யாருமே சந்தேகப்படவில்லை.

நான்கு நாள் கழித்து கீசருக்கு பேட்டரி மாற்ற வந்த மெக்கானிக்தான் மேலே பார்த்துவிட்டு அதிர்ந்துபோனார். குளிர் வருகிறதென்று வென்டிலேட்டரை தெர்மாகோல் வைத்து அடைத்திருந்தார் பெரியம்மா. “ஏம்மா, இது கீசர் இல்ல, அடுப்பு. அடுப்ப உள்ள வச்சுக்கிட்டு கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்துவீங்களா?” என்றார். “குளிருதே தம்பி” என்றார் பெரியம்மா, பாவமாக.

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கேஸ் கீசரும் ஓர் அடுப்புதான்!

தீ எவ்வளவு காற்று கேட்கும்?

நிமிடத்துக்கு 6 லிட்டர் சுடுநீர் தரும் சாதாரண கேஸ் கீசர், முழு வேகத்தில் ஓடினால், சமையலறை அடுப்பின் ஐந்தாறு பர்னர்களை ஒரே நேரத்தில் எரிப்பதற்குச் சமம். ஒரு கிலோ எல்.பி.ஜி முழுமையாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். பத்து நிமிடக் குளியலுக்கு 150 கிராம் கேஸ் எரிகிறது என்று வைத்துக்கொண்டால், சுமார் 2 கன மீட்டர் காற்றைத் தீ எடுத்துக்கொள்ளும்.

நம் வீட்டு பாத்ரூம் 5 அடி அகலம், 7 அடி நீளம், 9 அடி உயரம் என்றால் அதிலிருக்கும் மொத்தக் காற்றே 9 கன மீட்டர்தான். வெளிக்காற்று வர வழியில்லாவிட்டால், ஒருவர் குளித்து முடிப்பதற்குள் கிட்டத்தட்ட கால்வாசிக் காற்றின் ஆக்சிஜன் காலி. அடுத்தடுத்து நான்கு பேர் குளித்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆக்சிஜன் குறைந்தாலும் தீ உடனே அணைந்துவிடாது. அரைகுறையாக எரியும். அப்போது உருவாவதுதான் கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும் விஷ வாயு இது. மூச்சு வந்துகொண்டே இருக்கும். ஆனால், மூளைக்கு ஆக்சிஜன் போகாது.

‘கேஸ் வாசனையே வரலையே?’

பலரும் ஏமாறும் இடம் இதுதான். எல்.பி.ஜி-க்கு இயல்பில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற நெடியைச் சேர்க்கிறார்கள். எரிந்து உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணும் எரியாது. ‘நாத்தம் வரலை, அதனால பயமில்லை’ என்பது தப்புக் கணக்கு.

2023 ஹோலியின்போது மும்பையிலும் உத்தரப்பிரதேசத்திலும், வண்ணப்பொடியைக் கழுவக் குளிக்கப்போன இரண்டு தம்பதிகள் பாத்ரூமிலேயே இறந்துகிடந்தார்கள். இரண்டிலும் முதல் சந்தேகம் கேஸ் கீசர் மீதுதான் விழுந்தது. ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’ என்று நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் தனியாகப் பெயர் வைத்து எழுதும் அளவுக்கு இந்தப் பாதிப்பு வந்துகொண்டிருக்கிறது.

ஒரு வழி போதாது, இரண்டு வேண்டும்!

வென்டிலேட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. காற்று உள்ளே வர ஒரு வழி, புகை வெளியேற ஒரு வழி என இரண்டு தேவை. சூடான புகை மேலே ஏறும் என்பதால் வெளியேறும் வழி உயரத்திலும், புதிய காற்று வரும் வழி தரைக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். கதவின் அடிப்பகுதியில் சாய்வுப் பட்டைகள் வைத்த திறப்பு, சுவரில் ஜாலி போன்றவை இதற்கு உதவும். எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது என்பதால், ஒருவேளை கசிந்தாலும் வெளியேற இந்தக் கீழ்வழி கைகொடுக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் போதுமா? கீழே காற்று வர வழி இல்லாமல் ஃபேன் மட்டும் ஓடினால், அது எங்கிருந்தாவது காற்றை இழுக்கப் பார்க்கும். கீசரின் புகைக்குழாய் வழியாகவே இழுத்தால், வெளியே போக வேண்டிய புகை உள்ளே திரும்பிவிடும்!

அபார்ட்மென்ட்காரர்களுக்கு இன்னொரு விஷயம். மேலே ஷீட் போட்டு மூடிய டக்ட்டுக்குள் புகையை விட்டால், அது மாடி வீட்டு பாத்ரூமுக்குள் போகலாம். புகைக்குழாய் திறந்தவெளியில், ஜன்னல்களுக்குத் தள்ளி முடிய வேண்டும். வளைவுகள் குறைவாக இருக்க வேண்டும். பி.வி.சி குழாய் கூடவே கூடாது. குருவிக்கூடு அடைத்திருக்கிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது, கீசரை பாத்ரூமுக்கு வெளியே, திறந்த பால்கனியிலோ பின்கட்டிலோ மாட்டி, சுடுநீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவருவது. பிறகு அந்த பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டால் பழைய கதைதான்!

இவையெல்லாம் எச்சரிக்கை மணி

* தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிவது, கீசரைச் சுற்றிக் கரி படிவது. (நீலமாக எரிந்தாலே பாதுகாப்பு என்று அர்த்தமில்லை.)
* கீசர் அடிக்கடி தானாக அணைவது. ஆக்சிஜன் குறைந்தால் அணைக்கும் சென்சார் சில மாடல்களில் உண்டு. அது தொந்தரவு செய்கிறது என்று கழற்றிவிடாதீர்கள்.
* குளிக்கும்போது மட்டும் தலைவலி, மயக்கம், குமட்டல், கால் துவளுதல். வெளியே வந்ததும் சரியாகிவிடுவது.

யாராவது மயங்கிவிட்டால்...

கதவு, ஜன்னல்களைத் திறந்து, கீசரை அணைத்து, அவரை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். 108-க்கு அழையுங்கள். மருத்துவரிடம் ‘கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது’ என்று மறக்காமல் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை இதில் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தமாகவே எடுத்துக்கொண்டு 98, 99 என்று காட்டிவிடும். தேறிவிட்டார் என்று தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போவதே நல்லது. நாங்கள் அன்று செய்யாமல் விட்டதும் அதைத்தான்.

வாடகை வீடு, சுவரில் கை வைக்க முடியாது என்பவர்களுக்கு: கதவைத் திறந்துவைத்து வாளியில் சுடுநீர் பிடியுங்கள். கீசரை அணையுங்கள். கொஞ்ச நேரம் காற்றாடவிட்டு, பிறகு கதவைச் சாத்திக் குளியுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

பெரியம்மா வீட்டில் கீசர் இப்போது பின்கட்டுக்குப் போய்விட்டது. தெர்மாகோலையும் எடுத்தாகிவிட்டது. “பாத்ரூம்ல காத்து சில்லுனு வருதுடி” என்று போனில் அலுத்துக்கொள்கிறார். வரட்டும் பெரியம்மா, வரட்டும்!