எழுத்தாளர் நம்ம தோட்டத்துக்கு வந்தால்



"புத்தகம் எழுதுறவருக்கு என்ன குறை, அச்சடிச்சா காசு வந்து கொட்டுமே" என்று லயத்துப் பக்கம் பேசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். இது சரியான பேச்சு அல்ல. மாத்தளை மாவட்டத்திலே இருந்துகொண்டு தமிழில் கதையோ கவிதையோ எழுதுகிற ஒருவர், பெரும்பாலும் கைக்காசைப் போட்டுத்தான் புத்தகத்தை அச்சிடுகிறார். பிறகு அந்தப் புத்தகக் கட்டைத் தோளிலே மாட்டிக்கொண்டு, பஸ் ஏறி, தானே வாசகரைத் தேடிப் போகிறார். அப்படி ஒருவர் ஒரு நாள் பலாபத்வல கடைத்தெருவிலே இறங்கி, "தோட்டத்துக்கு எப்படிப் போறது?" என்று கேட்டால் நாம் என்ன செய்ய வேண்டும்? அதைப் பற்றித்தான் இந்த இதழில் கொஞ்சம் விளக்கமாகப் பேசப் போகிறோம்.

முதலில் ஒரு புத்தகம் எப்படி வெளியே வருகிறது என்று பார்ப்போம். இலங்கையில் ஒரு தமிழ்க் கதைப் புத்தகம் பொதுவாக 300 பிரதி, மிஞ்சிப்போனால் 500 பிரதிதான் அச்சாகும். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய காசை எழுத்தாளர் சேமிப்பிலிருந்து எடுப்பார், இல்லாவிட்டால் கடன் வாங்குவார். சில வீட்டிலே நகை அடகுக்குப் போவதும் உண்டு. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே கடதாசிக்கே தட்டுப்பாடு வந்து, மேல் மாகாணப் பள்ளிக்கூடங்களில் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்களே, ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு அச்சுச் செலவு முன்பு இருந்த இடத்துக்குத் திரும்பவில்லை. புத்தகக் கடையில் வைத்தால் கடைக்காரர் தன் கழிவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விற்ற பிறகுதான் தருவார். விற்காவிட்டால் கட்டு அப்படியே வீட்டுக்கு வரும். நம்மவர் எத்தனையோ பேருடைய வீட்டில் கட்டிலுக்கு அடியிலே கிடப்பது இந்தக் கட்டுகள்தான்.

ஆகவேதான் வெளியீட்டு விழா என்று ஒன்று வைக்கிறார்கள். மண்டபம் எடுத்து, மங்கள விளக்கு ஏற்றி, தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, விமர்சன உரை எல்லாம் முடிந்து, கடைசியிலே எழுத்தாளர் ஏற்புரை சொல்ல எழும்பும்போது பாதிப் பேர் பஸ்ஸுக்குப் போயிருப்பார்கள். (பேச்சாளர்கள் கோபிக்கக் கூடாது. இது எல்லோரும் கண்ட காட்சிதான்.) இந்த விழாவின் நடுவிலே முதல் பிரதி, சிறப்புப் பிரதி என்று கூப்பிடுவார்கள். ஊர்ப் பிரமுகர் ஒருவர், அனேகமாக ஒரு முதலாளி, மேடைக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஒரு உறை கொடுப்பார். உறைக்குள்ளே புத்தக விலையை விடக் கூடுதலாக இருக்கும். அச்சுக் கடனை அடைக்கிற வழி அது. இதைப் பிச்சை என்று யாரும் நினைப்பதில்லை. கலியாண வீட்டு மொய் மாதிரி ஒரு வழக்கம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் புத்தகத்திலே வருகிறவர்கள் யார்? கொழுந்து எடுக்கிற அக்கா, பால் வெட்டுகிற அண்ணன், பிள்ளைக்காம்பராவிலே பிள்ளையை விட்டுவிட்டு மலைக்கு ஓடுகிற தாய். மண்டபத்திலே உட்கார்ந்திருப்பவர்களோ ஆசிரியர்மார், உத்தியோகத்தர்கள், கடைக்காரர்கள். கதைக்குச் சொந்தக்காரர் மட்டும் அங்கே இல்லை. அன்றைக்கு வேலை நாளாயிருந்தால் அவர் மலையிலே நிற்பார்.

இது இன்று நேற்று வந்த சங்கதி இல்லை. மடகொம்பரைத் தோட்டத்திலே 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, நம்ம சனத்தின் வாழ்க்கையை ஆங்கிலத்திலே நீண்ட கவிதையாக எழுதினார். அது 1954இல் வெளிவந்தது. சக்தீ அ. பால அய்யா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்து "தேயிலைத் தோட்டத்திலே" என்ற பெயரில் புத்தகமானது 1969இல். நம்மைப் பற்றி எழுதினது நம்ம பாஷையிலே நம்ம கைக்கு வர 15 வருஷம்! அந்த 15 வருஷத்துக்குள்ளே கண்ணை மூடின கிழவன் கிழவி எத்தனை பேர் என்று யார் கணக்கு வைத்தார்கள்?

மாத்தளைக்காரரும் இந்தப் பாதையிலே பின்தங்கியவர்கள் அல்ல. மாத்தளை சோமு, மலரன்பன், மாத்தளை வடிவேலன் ஆகிய மூவரும் தங்கள் சிறுகதைகளை ஒன்றாகச் சேர்த்து 1980இல் ஒரே புத்தகமாக வெளியிட்டார்கள். புத்தகத்தின் பெயர் "தோட்டக்காட்டினிலே". டவுனிலே நம்மை ஏசுவதற்கு வைத்திருந்த சொல்லையே எடுத்து அட்டையிலே போட்டார்கள் பாருங்கள், அதற்குத் தனித் தைரியம் வேண்டும். மலரன்பனின் "கோடிச்சேலை" 1989இல் வந்து சாகித்தியப் பரிசும் பெற்றது. 1997இல் வர்த்தகர் துரை விஸ்வநாதன் தம்முடைய துரைவி பதிப்பகம் மூலம், தெளிவத்தை ஜோசப் தொகுத்த இரண்டு மலையகக் கதைத் தொகுதிகளைக் கொண்டுவந்தார். ஒன்றிலே 33 கதை, மற்றதிலே 55 கதை. இவ்வளவும் அச்சிலே இருக்கிறது. நம்ம இஸ்தோப்புக்கு எத்தனை வந்தது என்பதுதான் கேள்வி.

இனி, எழுத்தாளர் தேடி வருவது என்கிற வழக்கம் எங்கிருந்து தொடங்கியது என்று பார்ப்போம். மலையகத்திலே இதற்கு வழி காட்டியவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரிலிருந்து வந்த இவர், தோட்டத்துச் சனத்தின் நிலைமையைத் தம் கண்ணாலே பார்க்க விரும்பினார். அந்தக் காலத்தில் வெளியாள் யாரும் துரையின் அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது. அத்துமீறிப் புகுந்ததாக வழக்கு வரும். ஆனால் புடவை வியாபாரிகளை மட்டும் விடுவார்கள். நடேசய்யர் புடவை வியாபாரிபோல உள்ளே போய், லயம் லயமாகச் சனத்தோடு பேசினார். பிறகு 1921இல் "தேசநேசன்", 1924இல் "தேசபக்தன்" என்று பத்திரிகை நடத்தினார். "நீ மயங்குவதேன்" என்ற புத்தகத்தை 1931இலும், "தொழிலாளர் அந்தரப் பிழைப்பு" என்ற நாடகத்தை 1937இலும் அச்சிட்டார்.

அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் செய்த வேலை இன்னும் நுட்பமானது. கூட்டத்திலே அவர் முதலில் பேசமாட்டார், பாடுவார். அப்போது எல்லோர் வாயிலும் இருந்த மெட்டுகளிலே, சம்பளம், கடன், கங்காணி என்று நம்ம பாட்டைப் போட்டுப் பாடுவார். அந்தப் பாட்டுகள் 1940இல் சிறு புத்தகமாகவும் அச்சாகின. எழுத்துத் தெரியாதவர் அதிகமாக இருந்த காலத்திலே இது எப்படி வேலை செய்திருக்கும் என்று யோசித்தால் விளங்கும். மெட்டு ஏற்கனவே தெரிந்த பாட்டு, காதால் கேட்டவுடனே வாயிலே ஒட்டும். புத்தகத்தை ஒருவர் வாங்கினால் போதும், லயமே பாடும்.

இதே ஏ-9 பாதையின் மறுமுனையான யாழ்ப்பாணத்திலே இன்னொருவர் இருந்தார். டொமினிக் ஜீவா. முடிதிருத்தும் நிலையத்திலே வேலை பார்த்துக்கொண்டே எழுதினவர். 1966 ஆகஸ்டில் "மல்லிகை" என்ற மாத இதழைத் தொடங்கி, அதைத் தம் கையாலேயே சுமந்து வீதி வீதியாகப் போய் விற்றார். வாங்குகிறவரிடம் நின்று பேசுவார், போன இதழ் எப்படி என்று கேட்பார். 2021இல் அவர் காலமானபோது நாடு முழுவதும் நினைவுகூர்ந்தார்கள். தன் எழுத்தைத் தானே விற்பது கௌரவக் குறைவு என்று நினைக்கிறவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில்.

வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்கலாம். நம்ம லயத்திலே முன்பு "பெரிய எழுத்து" அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் எப்படி இருந்தன? குப்பி லாம்புக்குப் பக்கத்திலே ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றிலே போடுகிற இடம் வந்தால் அழாதவர் இல்லை. கடல் கடந்து கியூபா நாட்டிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே சுருட்டுத் தொழிற்சாலையில் 1865ஆம் ஆண்டு முதல் ஒருவர் உயரமான இடத்திலே உட்கார்ந்து சத்தமாக வாசிக்க, தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டே கேட்டார்கள். வாசிக்கிறவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி அல்ல. தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். எந்தப் புத்தகம் வாசிப்பது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். "மொண்டே கிறிஸ்டோ பிரபு" என்ற பிரெஞ்சு நாவலை அவ்வளவு விரும்பிக் கேட்டதால், ஒரு சுருட்டுக்கே அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

எழுத்தாளர் வருவதிலே நமக்கு மட்டும்தான் லாபம் என்று எண்ண வேண்டாம். அவருக்கும் நம்மிடம் வேலை இருக்கிறது. ஒரு கதையிலே மத்தியானம் 12 மணிக்கு ஒருவர் றப்பர் பால் வெட்டுவதாக எழுதியிருந்தால், பலாபத்வல பக்கத்துச் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். பால் வெட்டுவது விடியற்காலையில். வெயில் ஏறினால் மரத்துக்குள்ளே நீரின் அழுத்தம் குறைந்து பால் சரியாக ஓடாது. கவ்வாத்து வெட்டின மலையிலே மறுநாளே கொழுந்து எடுத்ததாக எழுதினாலும் அப்படித்தான். இதை எழுத்தாளருக்கு எடுத்துச் சொல்ல எந்தப் பேராசிரியராலும் முடியாது, உங்களாலே முடியும். சி.வி. வேலுப்பிள்ளை நாட்டுப் பாடல்களைச் சேர்த்து 1983இல் "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்று புத்தகமாக்கினாரே, அந்தப் பாட்டெல்லாம் தோட்டத்துத் தாய்மாரின் வாயிலிருந்து வந்தவைதான். பாடிக் கொடுத்த வாய் இல்லையென்றால் புத்தகமும் இல்லை.

சரி, சந்திப்பை எப்படி வைப்பது? பெரிய மேடை வேண்டாம். கோவில் மடம், வாசிகசாலை, பள்ளிக்கூட மண்டபம், பிள்ளைக்காம்பரா, எது கிடைக்கிறதோ அது போதும். தோட்டத்துக் கட்டிடமாயிருந்தால் முன்கூட்டியே நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லி நிர்வாகத்தின் அனுமதியை எடுத்துவிடுங்கள். ஞாயிறு அல்லது போயா நாள் பின்னேரம் நல்லது. சம்பளத்துக்கு முந்தின வாரம் வேண்டவே வேண்டாம். கையிலே காசு இல்லாத நேரத்திலே புத்தகத்தைக் காட்டுவது இரண்டு பக்கத்துக்கும் சங்கடம். ஒரு புத்தகத்தின் விலை கிட்டத்தட்ட ஒரு நாள் பேராக இருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே ஐந்து வீடு சேர்ந்து ஒன்று வாங்குங்கள். வாரத்துக்கு ஒரு வீடு என்று கைமாறட்டும். "சும்மா ஒன்னு குடுங்க சேர்" என்று மட்டும் கேட்க வேண்டாம். அந்த ஒன்றின் விலை அவர் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய கடன். காசு இல்லை என்றால் வெறும் கையோடு வந்து உட்கார்ந்து கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொன்னாடை, மாலைக்குச் செலவழிக்கிற காசுக்கு இரண்டு புத்தகம் வாங்கிப் பள்ளிக்கூட நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். பேச்சாளர்களையும் குறையுங்கள். எழுத்தாளர் ஒரு கதையை வாசிக்கட்டும், பிறகு கேள்வி. முதல் கேள்வியைத் தலைவர்மாரிடம் விடாமல் ஒரு அம்மாவிடமோ பிள்ளையிடமோ விட்டுப் பாருங்கள். "இந்தக் கதையிலே வாற பொம்பளை ஏன் கடைசியிலே ஒன்னும் பேசாம போறா?" என்று ஒரு அக்கா கேட்டால், அதற்குப் பதில் சொல்ல எழுத்தாளர் கொஞ்சம் திணறத்தான் செய்வார். சாதாரண தரம் படிக்கிற பிள்ளைகள் தாங்கள் எழுதின கட்டுரையோ கவிதையோ கொண்டுவந்து காட்டலாம்.

பழைய புத்தகங்கள் கடையிலே கிடைக்காவிட்டால், 2005 முதல் இயங்குகிற "நூலகம்" என்ற இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ்ப் புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாக உண்டு. மலையகத்து எழுத்தும் அதிலே நிறைய இருக்கிறது. வீட்டிலே பெரிய போன் வைத்திருக்கிற பிள்ளையைத் தேடித் தரச் சொல்லுங்கள். ஆத்தாமாருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டவும் சொல்லுங்கள்.

எழுத்தாளர் மாத்தளையிலிருந்து வருகிற வழியிலே அலுவிகாரையைத் தாண்டித்தான் வருவார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு, அதுவரை பிக்குகள் மனப்பாடமாகச் சொல்லிவந்த பௌத்த வேதத்தை ஓலையிலே எழுதி வைத்த இடம் அது. அங்கே இருந்த ஏடுகள் 1848 கலகத்தின்போது அழிந்தன. அவர் வருகிற அதே வடக்குப் பாதையிலேதான், மன்னார்க் கரையிலே இறங்கின நம்ம பாட்டன் பூட்டன் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். அவர்கள் நடந்ததை யாரும் அந்த நேரம் ஓலையிலே எழுதவில்லை. அவர்களிடமிருந்து கேட்டவர்களிடம் கேட்டவர்கள் இன்னும் சிலர் நம்ம லயங்களிலே இருக்கிறார்கள். சந்திப்பு அன்று அந்தப் பெரியவர்களுக்கு முன்வரிசையிலே கதிரை போடுங்கள்.

இன்னொரு விஷயம். பின்னேரம் மாத்தளைக்குப் போகிற கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே விசாரித்து வையுங்கள். விற்காத புத்தகக் கட்டோடு எழுத்தாளர் அதிலேதான் திரும்பிப் போக வேண்டும்.