யந்திரம் வாசிக்கும் பெயர்

ஜெர்மனியில் எந்த ஊருக்குப் போனாலும் 'ம்யூலர்' என்ற குடும்பப் பெயருடையவர் ஒருவராவது அகப்படுவார். அப்பெயரிலுள்ள 'யூ' என்னும் எழுத்தின் தலைமேல் இரண்டு புள்ளிகள் உண்டு. மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்ல விரும்பும் ஒரு ம்யூலர் விசா விண்ணப்பத்தை எழுத முற்படும்போது, அந்தப் புள்ளிகளை வைப்பதா விடுவதா என்ற சங்கடம் அவருக்கு எழுவது இயல்பே. ஆயினும் அதற்கான விடை அவருடைய பாஸ்போர்ட்டிலேயே, யாரும் வாசிக்க நினைக்காத ஓரிடத்தில், அச்சாகியே இருக்கிறது.

புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில், வரிக்கு 44 இடங்களாக இரண்டு வரிகள் காணப்படும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980-இல் முதன்முதலாக வெளியிட்டு, பின்னர் பன்முறை திருத்திய 9303 என்னும் ஆவணமே அவ்வரிகளுக்குச் சாஸ்திரம். ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த எழுத்துருக் கலைஞர் அட்ரியன் ஃப்ரூட்டிகர், யந்திரக் கண்ணுக்கும் மனிதக் கண்ணுக்கும் ஒருங்கே தெளிவாகத் தெரியும்படி 1968-இல் அமைத்த ஓ.சி.ஆர்.-பி என்னும் எழுத்துருவிலேயே அவை அச்சிடப்படுகின்றன. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துக்கள் 26, இலக்கங்கள் 10, வெற்றிடத்தை நிரப்புவதற்கென இடப்புறம் கூர்முனை காட்டும் குறி ஒன்று, ஆக 37 வடிவங்களுக்கு மேல் அங்கே பிரவேசம் கிடையாது.

ஆகவே, புள்ளியும் கொம்பும் வளையமும் தரித்த எழுத்துக்கள் யாவும் வாசலிலேயே அவற்றைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். புள்ளியிட்ட 'யூ' அங்கே 'யூ, இ' என இரண்டெழுத்தாகிறது. டேனிஷ்காரரின் வளையமிட்ட 'ஏ' இரட்டை 'ஏ' ஆகிறது. ஐஸ்லாந்தியரின் பழமையான 'தோர்ன்' எழுத்து 'டி, எச்' ஆகிறது. ஸ்பானியரின் அலைக்கோடிட்ட 'என்' வெறும் 'என்' ஆகலாம், அல்லது அதன் பின்னே இரண்டு 'எக்ஸ்' சேர்க்கலாம் என்று விதி இருவழியும் திறந்துவைத்திருக்கிறது. பின்னதைத் தன் பெயரின் நடுவில் காணும் ஸ்பானியர் முகம் சுளித்தால் அவரைக் குறை சொல்லுவதற்கில்லை.

முதல் வரியில் ஆவண வகைக்கும் நாட்டுக் குறிக்கும் ஐந்து இடங்கள் போக, பெயருக்கு எஞ்சுவன 39. குடும்பப் பெயர் முன்னே, இரண்டு நிரப்புக் குறிகள் இடையே, சொந்தப் பெயர் பின்னே என்பது வரிசை. நீளமான பெயர்கள் அங்கேயே கத்தரிக்கப்படும்.

இந்த ஏற்பாட்டில் என்னை வியக்க வைப்பது ஒன்றுண்டு. இரண்டாம் வரியில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய ஒவ்வொன்றின் பின்னும் சோதனை இலக்கம் ஒன்று காவல் நிற்கிறது. 1947 ஆகஸ்டு 15-இல் பிறந்தவரின் தேதி 470815 என எழுதப்படும். அவ்விலக்கங்களை முறையே 7, 3, 1, மறுபடி 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 113 வரும். அதைப் பத்தால் வகுத்த மீதியாகிய 3 தேதியை அடுத்து நிற்கும். ஓர் இலக்கத்தை யந்திரம் பிழையாக வாசித்தால் பெரும்பாலும் அக்கணமே கணக்கு உதைக்கும். இத்தனை பாதுகாப்பும் எண்களுக்குத்தானே ஒழிய, பெயருக்குச் சோதனை இலக்கம் ஒன்றுகூட இல்லை! விசாவில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் பெயர் அமைந்துவிட்டால், இரண்டும் ஒருவருடையதே என்று யந்திரத்துக்கு எடுத்துச் சொல்ல நாதியில்லை. பாஸ்போர்ட்டின் அடிவரியில் உள்ளவாறே விண்ணப்பத்தில் எழுதுவது உத்தமம் என்பதற்குக் காரணம் இதுவே. குமாஸ்தா தம் காதில் விழுந்தபடி எழுதிய காலத்தைவிட, உணர்ச்சியற்ற இந்த விதி மேலானது என்பது என் அபிப்பிராயம்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் பெயர் ஆங்கில எழுத்திலேயே அச்சாவதால், நம்மவருக்குப் புள்ளித் தொல்லை இல்லை. எழிலரசி என்னும் பெண் தம் ழகரத்துக்கு 'இஸட், எச்' எழுதினாலும் 'எல்' எழுதினாலும், பாஸ்போர்ட்டில் எது ஏறியதோ அதையே விசாவிலும் பின்பற்ற வேண்டியதுதான். நம் தொல்லை குடும்பப் பெயர் இல்லாமையில் இருக்கிறது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு வாழ்ந்துவிட்ட நமக்குப் பாஸ்போர்ட்டில் அதற்குரிய கட்டம் பலமுறை காலியாகவே கிடக்கும். அமெரிக்க விண்ணப்பமோ காலியை ஏற்காது. இருக்கும் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு, சொந்தப் பெயருக்குரிய இடத்தில் 'அறியப்படவில்லை' என்று பொருள்படும் 'எஃப்.என்.யூ.' என்ற மூன்றெழுத்தை இடச் சொல்லும். அம்மூன்றெழுத்து விசாவோடு நின்றுவிடாமல், அங்கே ஓட்டுநர் உரிமத்திலும் வங்கிக் கணக்கிலும் ஏறிக்கொள்வதும், அலுவலகத்தில் அதையே சொந்தப் பெயரென்று எண்ணிச் சிலர் கூப்பிடுவதும் உண்டு.