சென்னைக் கொள்வனவு: ஓட்டோக் காசும் கொள்விலைதான்

பெருநாள் வியாபாரத்துக்குத் துணி எடுக்கச் சென்னை போய் வந்த தம்பி ஒருவர் தனது கணக்குக் கொப்பியை என்னிடம் காட்டினார். பேரம் பேசி மீற்றருக்கு 3 ரூபா குறைத்து 1500 மீற்றர் எடுத்திருக்கிறார். இந்தியக் காசில் 4500 ரூபா மிச்சம். "ஓட்டோக் காசு எங்கே தம்பி?" என்று கேட்டேன். எழுதவேயில்லை. தியாகராய நகரில் அறை எடுத்து, நான்கு நாட்களும் பாரிமுனைக்குப் போக 300, வர 300. மொத்தம் 2400 ரூபா. பேரத்தில் பிடித்த மிச்சத்தில் பாதிக்கு மேல் வீதியிலேயே போய்விட்டது.

தமிழக அரசு 2013இல் விதித்த ஓட்டோக் கட்டணம் முதல் 1.8 கிலோ மீற்றருக்கு 25 ரூபா, அதன்பின் கிலோ மீற்றருக்கு 12 ரூபா. அந்தக் கணக்கில் அவரது பயணம் 110 ரூபா சொச்சம்தான். மீற்றர் போட்டு ஓடும் ஓட்டோ சென்னையில் அபூர்வம் என்பது வேறு விடயம். ஆனாலும் கணக்குத் தெரிந்தவன் பேசும் பேச்சு வேறு. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறியிருந்தால் சில்லறைக் காசில் பீச் நிலையத்தில் இறங்கி நடந்திருக்கலாம்.

நம்மவர்களுக்கு வேண்டிய மொத்தக் கடைகள் ஜோர்ஜ் டவுனில்தான் இருக்கின்றன. நமது புறக்கோட்டை போல தெருவுக்கு ஒரு வியாபாரம். கொடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் கடதாசியும் கல்யாண அட்டையும். ஆகவே மண்ணடியில் தங்குங்கள். பள்ளிவாசலும் ஹலால் சாப்பாடும் காலடியில். 2019 முதல் மண்ணடிக்கு மெற்றோ ரயில் ஓடுகிறது. விமான நிலையத்தில் ஏறினால் இடையில் மாறாமலே வந்து இறங்கலாம். 2021இல் மெற்றோவின் ஆகக் கூடிய கட்டணத்தை 50 ரூபாவாகக் குறைத்தார்கள். நள்ளிரவு விமானத்தில் போகிறவர்களுக்கு இது உதவாது.

அறை பேசும்போதே இலங்கைப் பாஸ்போட் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் அதற்கான படிவம் பதிய வேண்டும். அந்த வேலைக்கு அலுத்துச் சில சிறிய விடுதிகள் இடம் இல்லை என்கின்றன. நடுநிசியில் பொதியோடு அலைந்தால் ஓட்டோக்காரர் காட்டும் விடுதிதான், அவருக்குத் தரகு உள்ள விடுதி. "நல்ல கடை காட்டுகிறேன்" என்பதும் அதே கதை. நானும் ஒரு தடவை அப்படிப் போய், அதே துணியை அடுத்த தெருவில் குறைந்த விலைக்குக் கண்டு வாயடைத்து நின்றவன்.

துணிக் கட்டுகளைக் கடையிலிருந்து பார்சல் அலுவலகத்துக்குக் கொண்டுபோக ஓட்டோ தேவையில்லை. மீன்பாடி வண்டி என்று அங்கு சொல்லும் மூன்று சக்கர வண்டி போதும். ஏற்று கூலி, இறக்கு கூலி இரண்டையும் முன்கூட்டியே பேசுங்கள்.

ஞாயிறில் பெரும்பாலான மொத்தக் கடைகள் பூட்டு. திருச்சி, மதுரைப் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: அரச பஸ்கள் 2023 டிசம்பர் 30இல் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்கு மாறிவிட்டன. அது விமான நிலையத்துக்கும் அப்பால். பழைய நினைப்பில் கோயம்பேட்டுக்குப் போனால் இன்னொரு ஓட்டோக் கூலி.